ஒலிப்பதிவுக் கல்வியும் திருச்சபையின் செவியும்

மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த சபை இளைஞர் ஒருவர், பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவைப் பாடமாக எடுத்துப் பயில விரும்புவதாகத் தம் ஆயரிடம் தெரிவித்தால், ஆயர் என்ன மறுமொழி கூறுவார்? மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி ஆகியவற்றைக் குறித்து அறிவுரை கூற நம்மிடம் சொற்கள் ஆயத்தமாக உள்ளன. ஒலிப்பதிவு என்றதும் நம்மில் பலர் திரைப்படத்தையும் திருமண வீட்டு ஒலிபெருக்கியையும் மட்டுமே நினைக்கிறோம். ஆனால் இன்று நம் சபையார் பாடும் பாடல்களில் பெரும்பாலானவை ஞானப்பாட்டுப் புத்தகத்தின் வழியாக அவர்களை வந்தடையவில்லை. பதிவு செய்யப்பட்ட ஒலியின் வழியாகவே வந்தடைகின்றன. ஆகவே அப்பதிவைச் செய்கிறவர் யார், அவர் எதைக் கற்றிருக்கிறார் என்னும் கேள்வி வழிபாட்டைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிறது. இக்கல்வி யாது என்பதையும், காவிரிப் படுகையின் சபைகளுக்கு, குறிப்பாகத் திருவாரூர் வட்டாரத்துச் சபைகளுக்கு, அது ஏன் தேவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மூன்று பணிகள்

இசையொலியைச் சேமிக்கும் தொழிலில் மூன்று படிகள் உண்டு. முதலாவது, பாடுவோரின் குரலையும் கருவிகளின் நாதத்தையும் மைக் வழியாகப் பிடித்து வைக்கும் ஒலிப்பதிவு. இரண்டாவது, தனித்தனியே பிடிக்கப்பட்ட ஒலிகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒரே இசையாக ஆக்கும் ஒலிக்கலவை. தொழிலில் இதனை மிக்ஸிங் என்பர். மூன்றாவது, கலவை முடிந்த இசையை, அது எந்தக் கருவியில் கேட்கப்பட்டாலும் சீராக ஒலிக்கும்படி செம்மைப்படுத்தி வெளியீட்டுக்கு ஆயத்தமாக்கும் பணி. இது மாஸ்டரிங் எனப்படும்.

இறையியல் மாணவர்களுக்கு இதனை நம் துறையின் உவமையால் விளக்கலாம். ஒலிப்பதிவாளர் கையெழுத்துப் படி எடுக்கும் எழுத்தரைப் போன்றவர். கலவை செய்பவர் பல மூலங்களைத் தொகுத்து ஒரு நூலாக்கும் தொகுப்பாசிரியரைப் போன்றவர். செம்மை செய்பவர் அந்நூலை வாசகர் கைக்குச் சேர்க்கும் அச்சகத்தாரைப் போன்றவர். எழுத்தர் விட்ட சொல்லைத் தொகுப்பாசிரியர் மீட்க இயலாது. தொகுப்பாசிரியர் நீக்கியதை அச்சகத்தார் அறியவும் மாட்டார். மூல பாட ஆராய்ச்சியைப் பயின்ற எவருக்கும் இதன் விளைவு எத்தகையது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2. செவிவழி மரபும் ஒலித்தட்டும்

திருவாரூர் இசை உலகில் ஈடற்ற ஊர். சியாமா சாஸ்திரிகள், தியாகராசர், முத்துசாமி தீட்சிதர் ஆகிய மூவரும் 1762ஆம் ஆண்டுக்கும் 1776ஆம் ஆண்டுக்கும் இடையில் இவ்வூரிலேயே பிறந்தனர். அதே காலத்தில், 1774ஆம் ஆண்டில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் கல்வி பயின்ற வேதநாயக சாஸ்திரியார், இந்நாட்டு இராகங்களிலும் தாளங்களிலும் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றினார். 1864ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை பாடிய பாடல்கள் நம் சபைகளின் சொத்தாயின.

இவர்களுடைய குரல்களில் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. எடிசன் ஒலியைப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கியது 1877ஆம் ஆண்டில்தான். பாடல்கள் மாணாக்கரின் செவி வழியாகவும் ஏடுகள் வழியாகவுமே வந்தன. பின்னர்ச் சிலர் அவற்றை இசைக்குறியீட்டில் எழுதி வைக்க முன்வந்தனர். கிறிஸ்தவரான ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893ஆம் ஆண்டில் கர்நாடக இசைப் பாடல்களை ஐரோப்பியக் குறியீட்டில் பதிப்பித்தார். அவரால் ஊக்குவிக்கப்பட்ட சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் வெளிவந்தது. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், சுருதிகளின் கணக்கை ஆராய்ந்து ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு பாட்டு எப்படி ஒலித்தது என்பதைப் பின்வரும் தலைமுறைக்கு உண்மையாகச் சேர்க்க வேண்டும் என்னும் கவலை கிறிஸ்தவர்களிடமும் இருந்தது என்பதற்கு இவை சான்று.

இதற்கிடையில் ஒலித்தட்டு வந்தது. பிரெட் கைஸ்பர்க் என்பவர் 1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அக்காலத்தில் மின்சார மைக் இல்லை. பாடுவோர் ஒரு கூம்பின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. உரத்த குரலும் கருவியும் தட்டில் பதிந்தன. வீணை, தம்புரா போன்றவற்றின் மெல்லிய நாதம் நன்கு பதியவில்லை. தட்டின் ஒரு பக்கம் மூன்று அல்லது நான்கு நிமிடங்களே ஓடியது. நீண்ட ஆலாபனை சுருங்கிற்று. 1925ஆம் ஆண்டில் மின்வழிப் பதிவு வந்த பின்னரே மென்குரலுக்கும் இடம் கிடைத்தது. கருவியின் இயல்பு எதை ஏற்கிறதோ அதுவே இசை என்று மக்கள் நம்பத் தொடங்கிவிடுவர் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

3. பல்கலைக்கழகம் கற்பிப்பது யாது?

நெடுங்காலம் இத்தொழில் குருகுல முறையிலேயே கற்பிக்கப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் கம்பி சுருட்டிய இளைஞர் பல ஆண்டுகள் கழித்துக் கருவியின் முன் அமர்வார். இதனை உயர்கல்வியாக்க வேண்டும் என்னும் எண்ணம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வலுப்பெற்றது. இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1946ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவருக்கு எழுதிய மடலில், இசையறிவும் இயற்பியலறிவும் ஒருங்கே பெற்ற ஒலியாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். செருமனியின் டெட்மோல்ட் நகரில் 1949ஆம் ஆண்டில் எரிக் தீன்ஹவுஸ் அத்தகைய படிப்பைத் தொடங்கினார். இவ்வாறு பயின்றவர் டோன்மைஸ்டர் எனப்படுவார்; ஒலியில் தேர்ந்தவர் என்பது பொருள். இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகமும் 1970ஆம் ஆண்டில் அம்முறையை மேற்கொண்டது.

இக்கல்வியின் உயிர்நிலை இரண்டு அறிவுகளின் கூட்டு. மாணவர் இசைக்குறியீட்டைப் பார்த்தவுடன் வாசிக்கவும், ஒரு கருவியைத் தேர்ச்சியுடன் இசைக்கவும் வேண்டும். அதே மாணவர் ஒலி அலை, மின்சுற்று, கணிதம் ஆகியவற்றையும் பயில்வார். இவற்றோடு செவிப் பயிற்சி நாள்தோறும் நடைபெறும். ஒரே பாடலை இருமுறை ஒலிக்கச் செய்து, இரண்டாம் முறை எந்த அதிர்வெண் பகுதி கூட்டப்பட்டது, எது குறைக்கப்பட்டது என்று ஆசிரியர் கேட்பார். தொடக்கத்தில் ஒன்றும் புலப்படாது. மாதங்கள் செல்லச் செல்லச் செவி திறக்கும். இரண்டு கலவைகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உரப்பளவில் வைத்தே கேட்க வேண்டும் என்பதும் அங்கு முதலில் கற்பிக்கப்படும் ஒழுக்கங்களில் ஒன்று. ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதே சிறந்தது என்று மனிதச் செவி ஏமாறும்.

தமிழ்நாட்டிலும் இக்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னையில் 1945ஆம் ஆண்டில் அரசுத் தொழில்நுட்பப் பயிலகத்தில் தொடங்கிய ஒலிப்பதிவுப் படிப்பு, தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் தொடர்ந்து, இன்று இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நான்காண்டுப் பட்டப்படிப்பாக வளர்ந்துள்ளது. ஏ. ஆர். ரகுமான் 2008ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய கே.எம். இசைப்பள்ளியிலும் ஒலித் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. திருவாரூரை அடுத்த நீலக்குடியில் 2009ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறையும் ஊடகத் துறையும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. டோன்மைஸ்டர் கல்வி இணைக்க விரும்பிய இரண்டு அறிவுகளும் நம் படுகை நிலத்திலேயே அண்டை வீட்டாராக இருப்பது நல்வாய்ப்பு.

கைப்பேசியிலும் கணினியிலும் மென்பொருள் எளிதாகக் கிடைக்கும்போது பல்கலைக்கழகம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கிரேக்க அகராதி கையில் இருப்பதனால் கிரேக்கம் தெரிந்துவிடுமா என்பதே நம் மறுகேள்வி. மென்பொருளின் பொத்தான்களைத் தனியே கற்கலாம். தன் செவியைச் சந்தேகிக்கவும், பிறர் செவியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளவும் ஆசிரியரும் உடன்பயில்வோரும் தேவை.

4. பதிவும் கட்டடமும்

பதிவின் முதல் விதி, இடத்தை அறிதலாகும். 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்ட ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு எவருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியர் அதன் காரணத்தை ஆராய்ந்தார். ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி முற்றிலும் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று இரவுகளில் அளந்தார். வெறுங்கூடத்தில் ஐந்து விநாடிக்கு மேல் ஒலி நின்றது. ஒரு சொல் அடங்குமுன் பல சொற்கள் அதன்மேல் ஏறிவிட்டன. இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கியபோது முழக்கம் குறைந்தது. கட்டடத்தின் கன அளவும், ஒலியை உறிஞ்சும் பரப்பும் சேர்ந்தே முழக்கத்தின் நேரத்தை முடிவு செய்கின்றன என்னும் விதி இவ்வாறு பிறந்தது.

நம் பழைய ஆலயங்களின் உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவர்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே. சபை நிறைந்திருக்கும்போது மக்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். ஆலயம் வெறுமையாய் இருக்கும்போது முழக்கம் பெருகும். அத்தகைய இடத்தில் மைக்கைத் தொலைவில் வைத்தால் குரலைவிடச் சுவர்களின் மறுமொழியே மிகுதியாகப் பதியும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது நேரொலி ஆறு டெசிபெல் குறைகிறது. ஆகவே மைக்கை ஒரு சாண் நகர்த்துவது, பின்னர் எந்த மென்பொருளாலும் செய்ய இயலாத மாற்றத்தைச் செய்துவிடும்.

இரண்டாவது விதி, கருவியை அறிதல். நாகசுரத்தின் ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை; விரல்துளைகளிலிருந்தும் வருகிறது. அணசின் வாயில் மட்டும் மைக் வைத்தால் சில சுரங்கள் மிகும், சில மங்கும். தவிலின் வலந்தலை விரற்கூடுகளாலும் தொப்பி கழியாலும் அடிக்கப்படுவதால் இரு பக்கமும் இரு வேறு குணமுடையவை. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் பஞ்சமுக வாத்தியமோ ஐந்து முகங்களால் ஐந்து நாதங்களை எழுப்புவது. மேனாட்டுப் பாடநூல் முரசுக்குக் காட்டும் மைக் நிலை இதற்குப் பொருந்தாது. இந்நிலத்தின் கருவிகளைக் கேட்டு வளர்ந்த ஒருவரே இவற்றுக்குரிய முறையைக் காண இயலும்.

5. கலவையும் நீதியும்

கலவையில் ஒலிகளின் அளவு, இடவல நிலை, முழக்கம், அதிர்வெண்களின் ஏற்ற இறக்கம் ஆகியவை முடிவு செய்யப்படுகின்றன. இவை தொழில்நுட்பச் சொற்களாகத் தோன்றினும் உள்ளே இருப்பது யார் முன்னே நிற்பது என்னும் தீர்ப்பு. தனிப்பாடகரின் குரலை உயர்த்திச் சபையின் குரலைத் தாழ்த்தினால், வழிபாடு நிகழ்ச்சியாக மாறுகிறது. மின்விசைப் பலகையின் ஓசையில் மூதாட்டியரின் குரல் மறைந்தால், பாட்டைக் காத்துவந்தவர்களே பாட்டிலிருந்து நீக்கப்படுகின்றனர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்தில் பவுல் குழலையும் சுரமண்டலத்தையும் எக்காளத்தையும் சுட்டி, ஓசையில் தெளிவில்லையேல் பொருள் விளங்காது என்று வாதிடுகிறார். கலவை செய்வோர் சுவரில் எழுதி வைக்கத்தக்க அதிகாரம் அது.

இங்கு இரண்டு ஆபத்துகளைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, சுருதித் திருத்தம். எண்ணெய் வளம் தேடும் நில அதிர்வு ஆய்வில் ஈடுபட்டிருந்த ஆண்டி ஹில்டபிராண்ட் என்பவர் 1997ஆம் ஆண்டில் ஆட்டோ-டியூன் என்னும் மென்பொருளை வெளியிட்டார். குரல் சுரத்தினின்று விலகினால் அது அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்துவிடும். மேனாட்டு இசையின் பன்னிரண்டு நிலைகளே அதற்கு இயல்பான அளவுகோல். ஆனால் நம் கீர்த்தனைகளின் உயிர் கமகத்தில் இருக்கிறது. சுரம் அசைந்து, வளைந்து, இரண்டு நிலைகளுக்கு இடையில் நின்று பேசுகிறது. ஆராயாமல் அம்மென்பொருளை ஏவினால் அது கமகத்தையும் பிழையென்றே எண்ணி நேராக்கிவிடும். ஆபிரகாம் பண்டிதர் வாழ்நாளெல்லாம் அளந்த நுண்சுருதிகளை ஒரு பொத்தான் துடைத்துவிடலாம். அந்தப் பதிவைக் கேட்டு வளரும் பிள்ளைகள் அதுவே மெட்டு என்று கற்பர்.

இரண்டாவது ஆபத்து இதற்கு எதிர்ப்புறத்திலிருந்து வருவது. நன்றாகச் செய்யப்பட்ட பதிவும் பாட்டை உறையச் செய்யலாம். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940–2005), கிராமிய இசையை வழிபாட்டுக்குக் கொண்டுவந்தவர். மக்கள் ஒரு பாட்டைத் தங்கள் வாழ்வுக்கேற்ப மாற்றிப் பாடுவதை அவர் பாட்டின் பலமாகவே கருதினார். ஒரே பதிவு எங்கும் பரவும்போது ஊருக்கு ஊர் இருந்த மெட்டு வேறுபாடுகள் அழிகின்றன. ஆகவே ஒரு கீர்த்தனையைப் பதிவு செய்வோர், மன்னார்குடியில் பாடும் முறையையும் நாகப்பட்டினத்தில் பாடும் முறையையும் தனித்தனியே பதிந்து, எதையும் மூலம் என்று அறிவிக்காமல் அருகருகே வைக்க வேண்டும். நான்கு சுவிசேஷங்களை ஒன்றாக்காமல் நான்காகவே காத்த திருச்சபைக்கு இது புதிய படிப்பினை அன்று.

6. செம்மையும் கேட்போரும்

மாஸ்டரிங் என்னும் இறுதிப் பணி, கேட்போர் எங்கிருந்து கேட்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கும் பணி. அதே பாட்டு ஒருவருக்குக் காதுக்கருவியிலும், மற்றொருவருக்குக் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலும், இன்னொருவருக்கு ஆலய மாடத்திலுள்ள கூம்பு ஒலிபெருக்கியிலும் எட்டுகிறது. கூம்பு ஒலிபெருக்கி ஆழ்ந்த ஓசையைத் தாராது. மேலும் நம் கிராம ஆலயங்களில் ஒலியமைப்பு பெரும்பாலும் ஒற்றை வழியுடையது. இடம், வலம் எனப் பிரித்துக் கவனமின்றிச் செய்த கலவையை ஒற்றை வழியில் ஒலிக்கச் செய்தால், அலைகள் ஒன்றையொன்று அழித்துச் சில குரல்கள் மெலிந்துபோகும். நல்ல செம்மையாளர் விலையுயர்ந்த ஒலிபெருக்கியில் கேட்டதோடு நில்லாமல், எளியவர் கேட்கும் கருவியிலும் கேட்டுப் பார்ப்பார்.

உரப்புப் போட்டி என்னும் நோயும் இங்கேயே தோன்றுகிறது. பிறர் பதிவைவிட நம் பதிவு உரக்க ஒலிக்க வேண்டும் என்று மெல்லியதையும் வல்லியதையும் ஒரே மட்டத்துக்கு அழுத்திவிடுகின்றனர். புலம்பலும் அல்லேலூயாவும் ஒரே உரப்பில் கேட்கின்றன. இப்போக்கைத் தடுக்க ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010ஆம் ஆண்டில் சராசரி உரப்புக்கு ஓர் அளவை வகுத்தது. அதன்பின் உரக்கச் செய்வதனால் பயனில்லாமற் போயிற்று. மௌனத்துக்கும் மென்மைக்கும் இடம் விடுவது வழிபாட்டின் இலக்கணத்திலும் உண்டு என்பதை நாம் அறிவோம்.

7. ஆயர் செய்யத்தக்கவை

பட்டம் பெற்ற ஒலிப்பதிவாளர் வரும்வரை நம் மூத்த பாடகர்கள் காத்திரார். பழைய மெட்டுகளை நெஞ்சில் வைத்திருப்போர் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துவருகின்றனர். ஆகவே இன்றே செய்யத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, பாடுவோரின் இசைவைப் பெற்று, அமைதியான வேளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் இயந்திரங்களின் ஓசையும், பாசனக் காலத்தில் மோட்டாரின் ஓசையும் பதிவைக் கெடுக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாயும் துணியும் உள்ள சிறிய அறையில், வாயிலிருந்து ஒன்றிரண்டு சாண் தொலைவில், நேரெதிரே வைக்காமல் சற்றே பக்கவாட்டில் மைக்கையோ கைப்பேசியையோ வைத்தல் நலம்.

இரண்டாவது, முதற்பதிவு துணைக்கருவி இன்றி, சுருதி மட்டும் ஒலிக்க அமைய வேண்டும். அழகுபடுத்துவதைப் பின்னர்ச் செய்யலாம்.

மூன்றாவது, பதிவின் இறுதியில் பாடியவரே தம் பெயர், ஊர், நாள், பாட்டை யாரிடம் கற்றார் என்பவற்றைச் சொல்ல வேண்டும். 1902ஆம் ஆண்டில் கௌஹர் ஜான் தம் பாட்டின் முடிவில் தம் பெயரை அறிவித்தார். தட்டு அச்சாகும் செருமானியத் தொழிற்சாலையில் குரல் யாருடையது என்று அறிவதற்காக அவ்வாறு செய்தனர். அந்த எளிய வழக்கத்தினால் இன்றும் நாம் அவரை அறிகிறோம்.

நான்காவது, சுருக்கப்படாத மூலக் கோப்பை எவ்வகைத் திருத்தமும் இன்றிக் காத்து, அதன் படிகளை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். கலவையும் செம்மையும் படிகளின்மீதே நடைபெறட்டும். மூலம் இருக்குமாயின் பின்வருவோர் நம் பிழையைத் திருத்துவர்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஒலிப்பதிவைப் பயில விரும்பும் இளைஞரிடம், பொழுதுபோக்கை விட்டுவிடு என்று ஆயர் சொல்லத் தேவையில்லை. புகழும் பொருளும் உறுதி என்று வாக்களிக்கவும் வேண்டாம். முதலில் ஒரு கருவியையோ வாய்ப்பாட்டையோ முறையாகக் கற்கவும், இயற்பியலைக் கைவிடாதிருக்கவும், சபையின் மூத்தோர் அருகில் அமர்ந்து கேட்கவும் அவர் அறிவுறுத்துவாராக. அந்த இளைஞர் தரமணிக்கோ வேறிடத்துக்கோ சென்று பயின்று திரும்பும்போது, திருவாரூர் வட்டாரத்துச் சபைகளில் அவர் பதிவு செய்வதற்குரிய குரல்கள் எஞ்சியிருக்க வேண்டும். இளைஞரின் கல்விக்கு நான்கு ஆண்டுகள் ஆகும். அந்நான்கு ஆண்டுகளிலும் மூத்தோரின் பாட்டைக் கேட்டுக் குறித்துப் பதிந்து வைப்பது ஆயராகிய நம் பொறுப்பு.